இணைப்பு விமானப் பயணத்தில் கைப்பெட்டி: எந்த விமானத்தின் விதி நமக்குப் பொருந்தும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களிலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்படுவோரின் பாதை இன்று பல துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. திருச்சிக்கும் சென்னைக்கும் கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. ஆனால் மான்செஸ்டரில் படிக்கப் போகும் மகளும், டொரொண்டோவில் இருக்கும் பேரனைப் பார்க்கப் போகும் பாட்டியும் வழியில் ஒரு நாட்டிலோ இரண்டு நாடுகளிலோ இறங்கி, வேறு விமானத்தில் ஏறித்தான் போய்ச் சேர வேண்டும். இவ்வாறு மாறிப் போகும்போது சரக்கறையில் ஏற்றும் பெரிய பெட்டியைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கையோடு எடுத்துச் செல்லும் பெட்டியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. முதல் விமானத்தில் யாரும் தடுக்காத பெட்டி இரண்டாவது விமானத்தின் வாயிலில் தடுக்கப்படுவது ஏன் என்பதை, முதன்முறையாகப் பயணம் செய்பவருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

நாம் ஹேண்ட் லக்கேஜ் என்று சொல்லும் கைப்பெட்டி, பயணி தம்மோடு விமானத்துக்குள் கொண்டுபோய் இருக்கைக்கு மேலுள்ள அறையிலோ முன்னிருக்கையின் அடியிலோ வைப்பது. அதற்கு மூன்று வரம்புகள் உண்டு: எத்தனை உருப்படி, எவ்வளவு எடை, எவ்வளவு நீள அகலம். மூன்றில் ஒன்றை மீறினாலும் பெட்டி தடுக்கப்படலாம். நம் ஊரில் பலரும் எடையை மட்டும் கவனித்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். நீள அகலத்தை அளக்கும்போது சக்கரம், கைப்பிடி, புடைத்து நிற்கும் வெளிப்பை எல்லாமே கணக்கில் வரும் என்பதையும், கடையில் ஒட்டியிருக்கும் "20 அங்குலம்" என்ற சீட்டு பெரும்பாலும் பெட்டியின் உடலை மட்டுமே குறிக்கக்கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

விமான நிறுவனங்கள் இந்த வரம்புகளை விதிப்பதற்குக் காசு மட்டும் காரணமில்லை. தலைக்கு மேலுள்ள அறை தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை இருக்கிறது. கனமான பெட்டி அங்கிருந்து சரிந்து விழுந்தால் கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தலையில் அடிபடும். விமானத்தின் மொத்த எடையையும் சமநிலையையும் கணக்கிடும்போது, கைப்பெட்டியோடு சேர்த்து ஒரு பயணிக்குச் சராசரியாக இவ்வளவு எடை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே நாம் சட்டென்று தூக்கிப் போகும் பெட்டி அந்தக் கணக்கின் ஒரு பகுதியாகிறது.

இனி எண்களைப் பார்ப்போம். நம் நாட்டில் மிகுதியாகப் பயன்படும் ஏர் ஆசியாவில் ஒருவர் இரண்டு உருப்படிகள் கொண்டு போகலாம். ஒன்று 56, 36, 23 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், மற்றது 40, 30, 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 7 கிலோவைத் தாண்டக் கூடாது. மலேசியா ஏர்லைன்ஸின் எக்கானமி வகுப்பிலும் பெட்டிக்கு அதே 56, 36, 23 சென்டிமீட்டர் அளவும் 7 கிலோ எடையும்தான்; ஆனால் கைப்பை அல்லது மடிக்கணினிப் பை போன்ற ஒரு சிறு பொருளைக் கூடுதலாகக் கொண்டு போகலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எக்கானமியில் 7 கிலோ; அங்கே நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். அதன் குழுமத்தைச் சேர்ந்த ஸ்கூட்டில் இரண்டு உருப்படிகளுக்கும் சேர்த்து எடை 10 கிலோ. கத்தார் ஏர்வேஸ் எக்கானமியில் 7 கிலோவும், 50, 37, 25 சென்டிமீட்டரும். லுஃப்தான்சாவில் 8 கிலோ. பிரிட்டிஷ் ஏர்வேஸிலோ கைப்பெட்டி 23 கிலோ வரை இருக்கலாம், அளவு 56, 45, 25 சென்டிமீட்டர். இந்த அளவுகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், பயணச்சீட்டு வாங்கிய பின்பும், புறப்படுவதற்கு முந்தைய வாரத்திலும் அந்தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, இரண்டு மூன்று விமானங்கள் மாறிப் போகும் ஒருவர் எதைப் பின்பற்றுவது? சரக்கறையில் ஏற்றும் பெட்டிக்கும் கைப்பெட்டிக்கும் இடையிலுள்ள முக்கியமான வேறுபாடு இந்த இடத்தில்தான் வருகிறது. ஒரே பயணச்சீட்டில் பல நிறுவனங்கள் சேர்ந்திருந்தால், சரக்கறைப் பெட்டிக்கு அந்தப் பயணம் முழுவதற்கும் ஒரு நிறுவனத்தின் அளவையே பொதுவாகப் பொருத்துகிறார்கள். அது சீட்டிலேயே 23 கிலோ, 30 கிலோ என்று அச்சாகியிருக்கும். கைப்பெட்டிக்கு அப்படி ஒரு பொது ஏற்பாடு நடைமுறையில் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த நிறுவனத்தின் விமானத்தில் நாம் உட்காருகிறோமோ, அந்த நிறுவனத்தின் விதி அந்தக் கட்டத்துக்குச் செல்லும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி எத்தனை அகலமான நெடுஞ்சாலையில் ஓடினாலும், தோட்டத்துச் சாலையில் குறுக்கே வரும் பலவீனமான பாலம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதானே ஏற்ற முடியும்? இணைப்புப் பயணத்தின் கைப்பெட்டியும் அப்படித்தான்: வழியில் எந்த விமானத்தின் வரம்பு மிகக் குறுகியதோ, வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதுதான் நம் வரம்பு.

எடுத்துக்காட்டாக, சுங்கை சிப்புட்டுக்கு மிக அருகிலுள்ள விமான நிலையம் ஈப்போ. அங்கிருந்து ஸ்கூட்டில் சிங்கப்பூர் போய், தனியாக வாங்கிய இன்னொரு சீட்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எக்கானமி வகுப்பில் லண்டன் போக ஒரு மாணவி திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட் அனுமதிக்கும் பெட்டியின் அளவான 54, 38, 23 ஆகியவற்றைக் கூட்டினால் சரியாக 115 வருகிறது. ஆகவே நீள அகலத்தில் சிக்கல் இல்லை. ஆனால் இரண்டு உருப்படிகளுமாகச் சேர்த்து ஒன்பதரைக் கிலோ எடையோடு ஈப்போவில் தடையின்றி ஏறிய அவர், பெட்டி மட்டுமே 8 கிலோவுக்கு மேல் இருந்தால், சிங்கப்பூரில் எடை பார்க்கும்போது 7 கிலோ வரம்பைத் தாண்டி நிற்பார். இரண்டு நிறுவனங்களும் ஒரே குழுமம் என்பதால் விதியும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் விதி அவ்வாறு அமைவதில்லை.

திரும்பி வரும் பயணத்தில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். லண்டனிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் தோஹா வந்து, அங்கிருந்து கத்தார் ஏர்வேஸில் கோலாலம்பூர் வருபவருக்கு ஒரே பயணச்சீட்டுதான் இருக்கும். இரண்டு நிறுவனங்களும் ஒன்வேர்ல்ட் என்ற ஒரே கூட்டணியைச் சேர்ந்தவை. ஆயினும் லண்டனில் 23 கிலோ வரை ஏற்றுக்கொள்ளப்படும் கைப்பெட்டி தோஹாவில் 7 கிலோ விதிக்கு உட்பட வேண்டும். 23 கிலோ என்ற எண்ணைப் பார்த்துப் புத்தகங்களையும் குளிராடைகளையும் கைப்பெட்டியில் அடுக்கியவர் தோஹாவில் அவற்றை வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். தோஹாவில் எடை பார்க்காமலே அனுப்பிவிடுவதும் உண்டு. ஆனால் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் மட்டும் ஒரு பயணத்தைத் திட்டமிடக் கூடாது என்பதே என் கருத்து.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. சீட்டை விற்ற நிறுவனம் ஒன்றாகவும், விமானத்தை உண்மையில் இயக்கும் நிறுவனம் வேறாகவும் இருக்கலாம். சீட்டில் விமான எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் "ஆப்பரேட்டட் பை" என்று ஒரு வரி இருந்தால், அங்கே எழுதியிருக்கும் பெயரைத்தான் கைப்பெட்டிக்குப் பார்க்க வேண்டும். பயணச்சீட்டை முகவரிடம் வாங்கும்போது, "ஒவ்வொரு கட்டத்தையும் எந்த நிறுவனம் ஓட்டுகிறது?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலே பாதி வேலையை முடித்துவிடும்.

தனித்தனிச் சீட்டுகளை வாங்கிப் போகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். சிக்கனத்துக்காக இப்படிச் செய்யும் குடும்பங்கள் நம் பட்டணங்களில் நிறைய; அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் முதல் நிறுவனத்துக்கு நம் இரண்டாவது விமானத்தைப் பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தின் முதலாவது முனையத்தில் இறங்கி, ஏர் ஆசியா இயங்கும் இரண்டாவது முனையத்துக்குப் போக வேண்டியவர், குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, ரயிலிலோ பேருந்திலோ மறு முனையம் போய், அங்கே புதிதாகப் பயணப் பதிவு செய்ய வேண்டும். அப்போது கைப்பெட்டியின் எடை முதலிலிருந்து மறுபடி பார்க்கப்படும். "முதல் விமானத்தில் விட்டார்களே" என்று சொல்வது அங்கே எடுபடாது.

ஏழு கிலோ என்பது உண்மையில் எவ்வளவு என்பதைப் பெட்டி அடுக்கும்போது யோசிக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டியான சிறு பெட்டி ஒன்று வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அப்படியென்றால் உள்ளே வைக்க நமக்கு மிஞ்சுவது நாலு கிலோதான். மடிக்கணினியும் அதன் மின்னேற்றியும் சேர்ந்து இரண்டு கிலோவை எட்டிவிடும். பிறகு ஒரு மாற்றுடை, மருந்து, ஆவணங்கள், அவ்வளவில் முடிந்துவிட்டது. ஆகவே விலை உயர்ந்த கெட்டிப் பெட்டியை வாங்குவதைவிட, ஒரு கிலோவுக்குள் இருக்கும் துணிப்பையை வாங்குவதே இளையோருக்கு நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன். முழங்கால் வலியோடு நடக்கும் பெரியவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. தோளில் சுமப்பதைவிட உருட்டிச் செல்வது அவர்களுக்கு எளிது என்பதால், சக்கரப் பெட்டியிலேயே குறைவாக வைப்பதுதான் சரி. எடை பார்க்கக் கொக்கியில் தொங்கவிடும் சிறு தராசு கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு பெட்டியில்லாமல் ஏறி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளலாம். தாமானில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் தம் தராசில் நிறுத்துத் தரவும் மறுக்க மாட்டார்.

எடைக்கு அடுத்த தடை திரவம். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கத் தீட்டிய சதி வெளிப்பட்டதைத் தொடர்ந்து, உலகெங்கும் அனைத்துலக விமானங்களில் ஒரு விதி பரவியது: ஒவ்வொரு திரவமும் 100 மில்லி லிட்டருக்கு மேற்படாத புட்டியில் இருக்க வேண்டும், அத்தகைய புட்டிகள் எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். புட்டியில் கால்வாசிதான் இருக்கிறது என்பது பொருட்டல்ல. புட்டியின் கொள்ளளவே கணக்கு. சில நாடுகளின் சில விமான நிலையங்கள் புதிய ஸ்கேனர் கருவிகளை நிறுவி இந்த விதியைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் இணைப்புப் பயணி வழியில் எந்த விமான நிலையத்தைக் கடக்கிறாரோ அங்கேயும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதால், ஒரு ஊரின் தளர்வை நம்பிப் பயணம் முழுவதையும் அமைக்கக் கூடாது. தோஹாவிலும் துபாயிலும் மாறுவோர் மறுபடி பாதுகாப்புச் சோதனையைக் கடந்தே அடுத்த விமானத்துக்குப் போக வேண்டும்.

நம் வீட்டுப் பொருள்களில் எவையெல்லாம் திரவமாகக் கருதப்படும் என்று பலருக்குத் தெரிவதில்லை. நெய், ஊறுகாய், சம்பல், தேன், தயிர், தேங்காயெண்ணெய், மூலிகைத் தைலம், முகப்பூச்சு ஆகிய எல்லாமே திரவ வகைக்குள் அடங்கும். மகளுக்காக அம்மா வைத்த நெத்திலிச் சம்பல் புட்டியை வழியில் எறிய நேர்வது துயரமானது. அதனால் அவற்றைச் சரக்கறைப் பெட்டியில், கசியாதபடி இரண்டு உறையிட்டு வைக்க வேண்டும். குழந்தைக்கான பால், அப்பயணத்துக்குத் தேவையான மருந்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மருந்தோடு மருத்துவர் சீட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் அதைச் சரக்கறைப் பெட்டியில் வைக்கவே கூடாது, அது கையோடுதான் இருக்க வேண்டும்.

பொடி வகைகளுக்கும் ஒரு விதி உண்டு. 2018 முதல், வெளிநாட்டு விமான நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேரே புறப்படும் விமானங்களில், 350 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பொடி கைப்பெட்டியில் இருந்தால் கூடுதல் சோதனைக்கு உட்படுத்தப்படும், தெளிவு கிடைக்காவிட்டால் அனுமதிக்கப்படாது. மிளகாய்த்தூள், கறிமசாலா, சத்துமாவு, விபூதி போன்றவற்றை அமெரிக்கா போகிறவர்கள் சரக்கறைப் பெட்டியில் வைப்பதே நிம்மதி. கொப்பரைத் தேங்காய் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் ஆபத்தான சரக்குகளின் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து திரும்பும்போது அதை எந்தப் பெட்டியிலும் வைக்க முயல வேண்டாம். கனமான பித்தளைக் குத்துவிளக்கும், தேங்காய் துருவியும், கத்தரிக்கோலும் கைப்பெட்டிக்கு ஏற்றவை அல்ல.

விமான நிலையத்தில் வரியின்றி வாங்கும் வாசனைத் திரவியமும் மதுவும் 100 மில்லி லிட்டருக்கு மேல் இருந்தாலும், கடைக்காரர் அவற்றை ரசீதோடு, பிரித்தால் தெரிந்துவிடும் முத்திரைப் பையில் போட்டுத் தருவார். இணைப்பு விமானம் ஏறும்வரை அந்தப் பையைத் திறக்கக் கூடாது; திறந்திருந்தால் மாறுமிடச் சோதனையில் பறிமுதலாகும். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பயணிகள் பொதுவாகச் சரக்கறைப் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். சென்னையில் இறங்கி மதுரைக்குப் போகிறவருக்கு அந்தப் பெட்டி கையில் கிடைக்கும் அந்நேரமே, வாங்கிய புட்டியை அதற்குள் மாற்றிவைக்க வாய்ப்பான நேரம். இந்திய விமான நிலையங்களில் பொதுவாக ஒருவருக்கு ஒரு கைப்பெட்டிதான், அத்தோடு பெண்களின் சிறு கைப்பை போன்ற ஒன்றுதான் என்று எண்ணிக்கையில் கண்டிப்பாக இருப்பதையும் சேலை வாங்கிக் குவிக்கும் முன்னால் நினைக்க வேண்டும்.

பவர் பேங்கின் கதை நேர் எதிரானது: அதைச் சரக்கறைப் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பெட்டியில்தான் இருக்க வேண்டும். அதிலுள்ள லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் பயணிகள் அறையில் ஊழியர்கள் அணைக்கலாம், சரக்கறையில் அதற்கு வழி குறைவு. வரம்பு, மின்கலத்தின் ஆற்றலைக் குறிக்கும் வாட் அவர் என்ற அளவில் சொல்லப்படுகிறது: 100 வாட் அவர் வரை பொதுவான அனுமதி, 100 முதல் 160 வரை நிறுவனத்தின் முன் ஒப்புதல் தேவை, அதற்கு மேல் அனுமதியில்லை. 20,000 மில்லி ஆம்பியர் அவர் என்று எழுதியிருப்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் அவர் வரும். 30,000 என்று எழுதியது 111 ஆகிவிடும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்த பிறகு பல நிறுவனங்கள் விதியை இறுக்கின. மலேசியா ஏர்லைன்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதே ஆண்டு ஏப்ரலில் விமானத்தில் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையும் மின்னேற்றுவதையும் தடுத்தன. அக்டோபரில் எமிரேட்ஸும் பயன்பாட்டைத் தடைசெய்து, ஒருவருக்கு ஒன்று மட்டும் என்றது. இங்கும் குறுகிய விதிதான் நம் விதி: முதல் விமானம் இரண்டை அனுமதித்தாலும் அடுத்தது ஒன்றுதான் என்றால் ஒன்றே எடுத்துச் செல்ல வேண்டும்.

வாயிலில் பெட்டியை ஊழியர் எடுத்துச் சரக்கறைக்கு அனுப்ப நேரும் நிலைமையும் உண்டு. எடை மிகுந்தால் மட்டுமல்ல, விமானம் நிரம்பி மேலறையில் இடம் இல்லாதபோதும், ஏடிஆர் போன்ற சிறிய விமானத்தில் ஏறும்போதும் இது நடக்கும். நம் பக்கம் தவறே இல்லாவிட்டாலும் பெட்டி கைவிட்டுப் போகலாம் என்பதால், கடப்பிதழ், பணம், நகை, மருந்து, மூக்குக்கண்ணாடி, பவர் பேங்க் ஆகியவற்றைப் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு பையில் தனியாக வைத்திருந்தால், வாயிலில் அந்தப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது, "இந்தப் பெட்டி எந்த ஊரில் எனக்குக் கிடைக்கும்?" என்று கேட்டு, ஒட்டும் சீட்டில் உள்ள ஊர்ப் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சில இடங்களில் விமானத்தின் வாசலிலேயே திருப்பித் தருவார்கள், சில இடங்களில் கடைசி ஊரில்தான் வரும், தனிச் சீட்டில் போகிறவருக்கோ இடையில் இறங்கும் ஊரிலேயே வரும். சீட்டின் துண்டு கையில் இருந்தால், பெட்டி தாமதமானாலும் கேட்டுப் பெற வழி இருக்கும்.

எடை மிகும் என்று முன்கூட்டியே தெரிந்தால், இணையத்தில் சரக்கறை எடையைக் கூட்டி வாங்கிவிடுவது, குறிப்பாக மலிவுக் கட்டண நிறுவனங்களில், விமான நிலையத்தில் கட்டும் தொகையைவிடக் குறைவாக வரும். தனித்தனிச் சீட்டு வைத்திருப்பவர் இதை ஒவ்வொரு சீட்டுக்கும் தனியே செய்ய வேண்டும். ஒரு விமானத்துக்கு வாங்கிய எடை மற்ற விமானத்துக்குச் செல்லாது.